பத்து மணிக்கு எத்தனை டிகிரி

மணி அடித்தது. அவர் சட்டை நுனியால் வெப்பமானியின் கண்ணாடியைத் துடைத்தார். மூச்சுக்காற்று பட்டுவிடாதபடி வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பாதரசத்தின் தலைக்கு நேராகக் கண் வரும்வரை முழங்காலை மடக்கினார். பிறகு நிமிர்ந்து முற்றத்தைப் பார்த்து, முதலில் ஜெர்மனில், அடுத்து ஸ்பானிஷில் சொன்னார்.

“இருபத்தெட்டரை.”

மாடி ஜன்னல்களில் அடுக்கியிருந்த தலைகள் ஒன்றாக முனகின. முப்பது என்றிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“முப்பத்தஞ்சு புள்ளி ஆறு” என்றார் பக்கத்தில் நின்ற இம்கே லோமன். பள்ளியின் புதுத் தலைமையாசிரியை. ஜெர்மனியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைக் கருவி அவர் உள்ளங்கையில் இருந்தது. “திரும்பப் பாருங்க, தோன் சிரிலோ.”

சிரிலோ ஒவேலார் திரும்பப் பார்த்தார்.

“இருபத்தெட்டரைதான், ஃப்ராவ் டாக்டர்.”

“ரெண்டும் ஒரே நிழல்லதான் இருக்கு. ஏழு டிகிரி வித்தியாசம் எப்படி வரும்?”

“உங்களுது புதுசு.”

“புதுசுன்னா தப்பா காட்டுமா?”

“இந்த ஊர் வெயில் இன்னும் அதுக்குப் பழகியிருக்காது.”

எட்டாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. “தோன் சிரி, அந்தச் சோப்பை நம்புங்க! எங்களைக் காப்பாத்துங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். லோமன் சிரிக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பழைய விதிப் புத்தகத்தைப் பிரித்தார். “இதுல வடக்குச் சுவர்ல மாட்டணும்னு போட்டிருக்கு. இது தெற்குச் சுவர். ஏன் மாத்தினீங்க?”

“நான் மாத்தல. நான் வரும்போதே இங்கதான் இருந்துச்சு.”

“விதி வடக்குன்னு சொல்லுதே.”

“வடக்குச் சுவர்ல நாள் முழுக்க வெயில் அடிக்கும், ஃப்ராவ் டாக்டர்.”

லோமன் வாயைத் திறந்தார். முற்றத்தின் எதிர்ப்புறம் வெயிலில் வெளுத்துக்கிடந்த வடக்குச் சுவரைப் பார்த்தார். பூமத்திய ரேகைக்குக் கீழே வந்துவிட்டோம் என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். புத்தகத்தை மூடிக்கொண்டு அறைக்குப் போனார்.

சிரிலோ சுவரில் தொங்கிய கரும்பலகையில் சாக்கட்டியால் 28½ என்று எழுதினார்.

பராகுவே ஆற்றங்கரையில் எங்கள் ஊர், புவெர்த்தோ அல்மாதா. பள்ளியைத் தொடங்கிய ஜெர்மன்காரர்கள் கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு இந்தப் பழக்கத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் ஊரில் வெயில் ஓர் அளவைத் தாண்டினால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். விதிப் புத்தகத்தில் பதினேழாவது விதி அது. காலை பத்து மணிக்கு நிழலில் முப்பது டிகிரி இருந்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பள்ளியில் எல்லாமே இரண்டு மொழியில் இருக்கும். இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் ஸ்பானிஷ். இரண்டு பக்கமும் முப்பது என்றுதான் இருந்தது.

வெப்பமானியைக் கொடுத்தவர் ராடெமாகர். பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பீர் ஆலை வைத்திருந்தவர். ஆலையில் பீர் காய்ச்சும் அண்டாவில் தொங்கியதைக் கழற்றிக் கொடுத்தாராம். முழங்கை நீளம், பித்தளைக் கூடு. எழுத்து எதுவும் கிடையாது. எண்கள் மட்டும், கீழே பூஜ்யத்துக்கும் கொஞ்சம் தாழ, மேலே எண்பத்தைந்து வரை.

சிரிலோ ஆற்றில் சரக்குப் படகில் வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வயதில் எங்கள் பள்ளிக்கு வாயிற்காவலராக வந்தார். இப்போது அறுபத்தொன்று. வாயிலில் பேசுவது இந்த மண்ணின் குவாரனி மொழி. மனைவியிடம் திட்டு வாங்குவதும் அதில்தான். ஸ்பானிஷ் போதுமான அளவு வரும். ஜெர்மனில் பூஜ்யத்திலிருந்து நாற்பது வரை எண்ணுவார், அரை, கால், முக்கால் சேர்த்து. தலைமையாசிரியையைக் கூப்பிடும் ‘ஃப்ராவ் டாக்டர்’ என்ற மரியாதைச் சொல்லைத் தவிர வேறு ஒரு சொல்லும் தெரியாது. எட்டையும் இருபதையும் தலைகீழாக, எட்டு-இருபது என்று சொல்வதற்கு ஆரம்பத்தில் சிரமப்பட்டாராம். பிறகு அது தலைகீழாகத் தெரியவில்லையாம்.

அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தச் சுவர். பதினான்கு வருடமாக அங்கே உட்கார்ந்து கடிதம் அடிக்கிறவள் நான். பத்து மணிக்கு அவர் தலை தாழ்ந்து நிமிர்வதைப் பார்த்துத்தான் என் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வேன்.

இருபத்தாறு வருடத்தில் இருபத்துமூன்று தடவை முப்பது வந்திருக்கிறது. அந்த நாட்கள் பள்ளியின் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. மற்ற நாட்களில் அவரை எப்படியாவது கரைத்துவிட ஊரே முயன்றிருக்கிறது. மாம்பழம் கொடுப்பார்கள். போனுக்கு ரீசார்ஜ் போட்டுவிடுகிறேன் என்பார்கள். அவர் வேலைக்கு வந்த முதல் வருடம் பதினாலு வயதுப் பையன் ஒருவன் சுடச்சுட ஒரு சிப்பா ரொட்டியை வெப்பமானியின் குமிழில் சாத்தி வைத்திருந்தான். சிரிலோ ரொட்டியை எடுத்துத் தின்றார். பாதரசம் இறங்கும்வரை கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு “இருபத்தேழு” என்றார். அந்தப் பையன்தான் குந்தர் பனியாகுவா. இன்று ஊரில் பெரிய இரும்புக்கடை வைத்திருக்கிறார். பெற்றோர் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

சந்தைக்குப் போனால் சிரிலோவைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். “என்ன தோன் சிரிலோ, இன்னைக்குப் பிள்ளைங்களை விடுவீங்களா? சோறு சீக்கிரம் வைக்கணுமா?”

“பத்து மணிக்குக் கேளுங்க” என்பார். ஒன்பது ஐம்பத்தைந்துக்குக்கூட வேறு பதில் வராது.

அந்தத் திங்கட்கிழமை முற்றத்தில் நடந்தது மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சோப்புக்கட்டியின் எண்ணை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தைந்து என்றால் முப்பதைத் தாண்டி ஐந்து. செவ்வாய்க்கிழமை காலை குந்தர் பனியாகுவா நேரில் வந்தார். லோமனின் அறைக் கதவை மூடவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது.

“இருபத்தாறு வருஷம், ஃப்ராவ் டாக்டர். என் படிப்பு முழுக்க வேர்வையில நனைஞ்சு போச்சு. எல்லாம் ஒரு ஆளு தப்பாப் படிச்சதால.”

“அப்படின்னா இனிமே முப்பதுக்கு விட்டுடலாமா?” லோமன் கேட்டார்.

“ஐயோ, வேண்டாம். அப்படி விட்டா செப்டம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் பள்ளிக்கூடமே இருக்காது. என் மூணு பிள்ளைங்களும் கடையில வந்து உக்காந்துக்கும்.”

“அப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?”

“அந்தப் பழைய தெர்மாமீட்டரைக் கழட்டுங்க. அந்த ஆளையும் வாசல்லேர்ந்து எடுத்துப் பின்னாடி சாமான் அறையில போடுங்க. ஓய்வு பெற நாலு வருஷம்தானே இருக்கு. கண்ணு தெரியலையோ, சோம்பேறித்தனமோ, இல்ல வேணும்னே சொன்னாரோ, யார் கண்டா? வியாழக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடலாம்.”

லோமன் சிரிலோவைக் கூப்பிட்டுச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். விசாரித்து முடியும்வரை பத்து மணி வெப்பத்தை அந்த வெள்ளைக் கருவியே பார்த்துக்கொள்ளும். பழையதைக் கழற்றிச் சாமான் அறையில் வைத்துவிடுங்கள். வியாழக்கிழமை கூட்டத்துக்கு நீங்களும் வர வேண்டும்.

சிரிலோ கேட்டது ஒன்றுதான். “நான் சொன்னது தப்புன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?”

“எனக்குத் தெரியல” என்றார் லோமன். “தெரிஞ்சுக்கணும்னு இருக்கு.”

“எனக்கும்தான்.”

புதன்கிழமை காலை ஏழரைக்கு அவர் வெப்பமானியைக் கழற்றினார். கரும்பலகையில் செவ்வாய்க்கிழமை எழுதிய எண் அப்படியே இருந்தது. துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்கு நடந்தார். சிற்றுண்டிச்சாலையைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். உள்ளே அதை நடத்தும் ருமில்டா இடைவேளைக்காகப் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். சிரிலோ நின்றார். அன்று அங்கே நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். பெரிய வேறுபாடு இல்லை. அவளை அவர் மரியாதையாக ‘ன்யா’ என்றுதான் கூப்பிடுவார்.

“ன்யா ருமில்டா, கொதிக்கிற தண்ணி நூறு டிகிரிதானே?”

“எனக்கு எப்படித் தெரியும்? கொதிச்சா இறக்கிடுவேன்.”

“மேல பௌதிக அறையில படம் போட்டு ஒட்டியிருக்காங்க. பெருக்கும்போது பார்த்திருக்கேன். நூறுதான்.”

பித்தளைக் கூட்டோடு வெப்பமானியை மெதுவாக ஆவியில் காட்டி, பிறகு தண்ணீரில் இறக்கினார். பாதரசம் ஏறியது. எண்பதில் நின்றது. அவர் காத்திருந்தார். தண்ணீர் குதித்துக்கொண்டிருந்தது. எண்பதைவிட்டு நகரவில்லை.

“எவ்வளவு?”

ஜெர்மனில் அந்த எண்ணுக்கு அவரிடம் சொல் இல்லை. “எண்பது” என்று தன் மொழியில் சொன்னார்.

“இருபது குறையுதே. அப்ப கெட்டுப்போச்சு. பாவம், அதுக்கும் வயசாகுதுல்ல, உங்களை மாதிரி.”

அவர் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பாட்டில் பெட்டியில் உட்கார்ந்தார். “இருபத்தாறு வருஷமா பொய் சொல்லியிருக்கேன்.”

“நீங்க எங்க சொன்னீங்க? அது சொன்னது.”

“என் வாயிலதானே வந்துச்சு.”

ருமில்டா அடுப்பைத் தணித்தாள். அவளுக்கு அவரை அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை. தெரெரே என்ற குளிர்ந்த இலைப் பானத்துக்காக அவள் ஒரு ஜாடி நிறைய ஐஸ்தண்ணீர் வைத்திருப்பாள், மூலிகை இடித்துப் போட்டு. அதை அவர் பக்கம் தள்ளினாள். குடித்தால் தெளிவார் என்று. சிரிலோ ஜாடியைப் பார்த்தார். குடிக்கவில்லை.

சூட்டோடு ஐஸில் வைத்தால் கண்ணாடி தெறித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆணியில் தொங்கவிட்டு அரை மணி நேரம் ஆறவிட்டார். பிறகு ஐஸை நொறுக்கிப் போட்டு அதில் நிறுத்தினார்.

“சைபர்.”

“ஐஸ்னா சைபர்தானே?”

“சைபர்தான். ஒரு மயிரிழை கூட நகரல.”

“அப்ப சரியாயிடுச்சு. கொதிச்சதுல அழுக்குப் போயிருக்கும்.”

“ன்யா ருமில்டா, கொதிக்கும்போது இருபது குறைச்சுச் சொல்றது, ஐஸ்ல மட்டும் எப்படி நெஜம் சொல்லும்? கெட்டுப்போன சாமான் எல்லா இடத்துலயும்தானே கெட்டிருக்கும்?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அதானே.”

அவர் மாடிக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பௌதிக ஆசிரியை மிர்னா சராச்சோவுக்கு அந்த நேரம் வகுப்பு இல்லை. ஆய்வுக்கூடத்து வெப்பமானி ஒன்று வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று கேட்டவள் பதிலைக் கேட்டதும் தானே எடுத்துக்கொண்டு அவரோடு இறங்கி வந்தாள்.

மூன்று தலைகளும் பானையைச் சுற்றி நின்றன. மறுபடி கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஆற ஆறப் பார்த்தார்கள். சிரிலோ பழையதைப் படித்தார். மிர்னா தன்னுடையதைப் படித்தாள். ருமில்டா அடுப்புச் சுவரில் கரித்துண்டால் எழுதினாள். அறுபது, எழுபத்தைந்து. நாற்பத்தெட்டு, அறுபது. நாற்பது, ஐம்பது. தண்ணீர் ஆறச் சோம்பல்பட்டது. இடைவேளைக்கு வந்த பிள்ளைகளிடம் இன்று ஒன்றும் இல்லை என்று கதவைச் சாத்தினாள். முப்பத்திரண்டு, நாற்பது. பத்து மணி அடித்தது மூன்று பேருக்கும் கேட்கவில்லை.

சுவரை முதலில் படித்தவள் ருமில்டாதான்.

“நாலுக்கு அஞ்சு.”

“என்னது?” என்றாள் மிர்னா.

“இது நாலு சொன்னா அது அஞ்சு சொல்லுது, ப்ரொஃபே. எல்லா வரியிலயும். எங்கம்மா மாவு அளக்க ஒரு டின் வச்சிருந்தா. கடைக்காரன் அஞ்சு கிலோன்னு குடுத்தா எங்க டின்னுல நாலுதான் வரும். திருடன்னு சண்டை போடுவா. மாவு ஒண்ணுதான். டின்னுதான் பெருசு.”

மிர்னா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரெயோமூர்” என்றாள். “ஒரு பிரெஞ்சுக்காரர். தண்ணி உறையறது சைபர், கொதிக்கறது எண்பதுன்னு வச்சு ஒரு அளவு போட்டார். ஜெர்மனியில பீர் காய்ச்சறவங்க அதுலதான் அளப்பாங்களாம். புத்தகத்துல ஒரு வரி படிச்சிருக்கேன். கண்ணால பார்ப்பேன்னு நினைக்கல. பதினோரு வருஷமா தினம் இதைத் தாண்டித்தான் போறேன்.”

“எதுக்கு எண்பது? அந்த ஆளுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதா?” என்றாள் ருமில்டா.

சிரிலோ விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். “அப்ப இதுல முப்பதுன்னா?”

“முப்பத்தேழரை. விதி எழுதினவங்க இந்த முப்பதைத்தான் எழுதியிருக்காங்க. அவங்க கையில இருந்தது இதுதானே. ரெண்டு மொழியில எழுதினாங்க, எந்த டிகிரின்னு ரெண்டுலயும் எழுதல. நீங்க சொன்னதுல தப்பே இல்ல, தோன் சிரிலோ. இருபத்தாறு வருஷமும், ஒவ்வொரு நாளும், சரி.”

அவர் முகம் மலரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து வெப்பமானியைத் துடைத்தார். மேலிருந்து கீழாக, ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு நாளும் இல்ல, ப்ரொஃபே” என்றார். அடக்கத்தில் சொல்கிறார் என்று மிர்னா எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். சிற்றுண்டிச்சாலையில்தான் நடக்கும். மின்விசிறிகள் மூன்று, ஓடியது இரண்டு. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். மிர்னா பானை, ஐஸ், இரண்டு வெப்பமானி என்று எல்லாவற்றையும் காட்டினாள். அடுப்புச் சுவரில் ருமில்டாவின் கரி எழுத்து இன்னும் இருந்தது. முன்வரிசையில் லோமன் நாற்காலியைவிட்டு எழுந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். எண்பதைத் தானே படித்தார். தன் சோப்புக்கட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“ஆக,” என்றாள் மிர்னா, “தோன் சிரிலோ இருபத்தாறு வருஷமா ஒரு நாள்கூடத் தப்பாச் சொன்னதில்ல.”

கைதட்டினார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து உட்காரப்போவதில்லை என்ற நிம்மதியும் அதில் இருந்தது. குந்தர் பனியாகுவாவும் தட்டினார். தட்டிவிட்டு எழுந்தார்.

“சந்தோஷம். தெர்மாமீட்டர் தப்பில்ல, ஆளும் தப்பில்ல. சாமான் அறை பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன். அந்த சிப்பாவையும் மன்னிச்சிட்டேன்.” சிரிப்பு. “ஆனா விதியை முப்பத்தேழரைன்னு மாத்தி எழுதிட்டா, மெஷினே பார்த்துக்குமே. எல்லார் போனுக்கும் தானே செய்தி அனுப்பும். ஒரு மனுஷன் எதுக்கு?”

சிலர் தலையாட்டினார்கள். லோமன் சிரிலோவைப் பார்த்தார். “நீங்க ஏதாவது சொல்லணுமா?”

சிரிலோ எழுந்தார். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

“ப்ரொஃபே சொன்னது சரியில்ல. ஒரு நாள் தப்பாச் சொன்னேன்.”

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ருமில்டா “உக்காருங்க, தோன் சிரிலோ” என்றாள் மெதுவாக. அவர் உட்காரவில்லை.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, நவம்பர் மாசம், ஒரு புதன்கிழமை. முப்பதுன்னு சொன்னேன். முப்பது இல்ல.”

“எவ்வளவு இருந்துச்சு?” லோமன் கேட்டார்.

“இருபத்தொன்பதே கால்.”

“ஏன் சொன்னீங்க?”

“அப்ப ஜெர்மனியிலேர்ந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். வந்து ஒரு மாசம்கூட ஆகல. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடி மாமரத்துக்குப் பின்னாடி வாந்தி எடுத்துக்கிட்டு நின்னார். மரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்க முடிஞ்சுது. நான் ஆளைக் கூப்பிடப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டார். யார்கிட்டயும் சொல்லாதீங்க, வெயில் தாங்கலன்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்கன்னார். அதுக்கு அப்புறம் நாலு மணி நேரம் அவருக்கு வகுப்பு இருந்துச்சு. நான் போய்ப் பார்த்தேன். இருபத்தொன்பதே கால். முப்பதுன்னு சொல்லிட்டேன்.”

“யார் அவர்?” பனியாகுவா கேட்டார்.

“அதைக் கேக்காதீங்க.”

அந்த வருடம் வந்தவர் ஒருவர்தான், யாரென்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆறு வருடம் இங்கே இருந்துவிட்டு, எங்கள் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு திரும்பிப்போனார். யாரும் பெயரைச் சொல்லவில்லை.

“பிள்ளைங்களுக்காக ஒருநாள்கூடப் பொய் சொன்னதில்ல” என்றார் சிரிலோ. “அழுதுகூடக் கேட்டிருக்காங்க. ஒரு பெரிய மனுஷனுக்காகச் சொல்லிட்டேன். ஒவ்வொரு நாளும் சரின்னு இத்தனை பேர் முன்னாடி சொன்ன பிறகு உக்காந்திருக்க முடியல. அவ்வளவுதான். இனி என்னை எங்க வேணும்னாலும் போடுங்க.”

பனியாகுவாவிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் கேள்வி கேட்டது லோமன்.

“மொத்தம் இருபத்துமூணு நாள். அதுல ஒண்ணு தப்பு. வேற உண்டா?”

“இல்ல.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க வேண்டியதில்ல. அது ஒண்ணைத்தான் பதினோரு வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

லோமன் தன் குறிப்பேட்டில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அறை காத்திருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, அவருடைய மெதுவான, இலக்கண சுத்தமான ஸ்பானிஷில் சொன்னார். “சரித்திரப் புத்தகத்தில் அந்த நாளைத் திருத்த வேண்டும். இருபத்திரண்டு நாள், ஒரு பிழை. ஃப்ராவ் எல்வா, நாளைக்குச் செய்துவிடுங்கள்.”

எல்வா நான்தான். சரி என்றேன்.

“மெஷின் வேண்டாமா?” என்றார் பனியாகுவா.

“மெஷின் தன் தப்பைத் தானா சொல்லாது, ஹெர் பனியாகுவா. இவர் சொல்லிட்டார். ஆனா நீங்க கவலைப்படறதும் நியாயம். எங்க ஊர்ல முக்கியமான எதையும் ஒரே ஆள் பார்க்க மாட்டோம். ரெண்டு பேர் பார்த்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். நாலு கண். இங்கயும் அப்படியே செய்யலாம். தோன் சிரிலோ படிப்பார். ரெண்டாவது ஆளா பெற்றோர் சங்கத்துத் தலைவர் இருக்கறது பொருத்தம். தினமும் பத்து மணிக்கு.”

“தினமுமா?”

“பள்ளி நடக்கற எல்லா நாளும்.”

“பத்து மணிக்குத்தான் கடையில கூட்டமே, ஃப்ராவ் டாக்டர்.”

“போய் நில்லு குந்தர், வேர்வையில நனைஞ்சு பழகினவன்தானே நீ” என்று பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னாள். அறை முழுக்கச் சிரித்தது. பனியாகுவா உட்கார்ந்துவிட்டார்.

லோமன் சுற்றிலும் பார்த்தார். யாரும் கை தூக்கவில்லை. கடைசியில் பார்வை என்மேல் வந்து நின்றது. ஜன்னலுக்கு நேரே உட்காருகிறவள் நான். தப்ப வழியில்லை.

சிரிலோ தொப்பியை எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டார். ருமில்டா ஒரு குவளை தெரெரேயை வரிசை வழியாகக் கைமாற்றி அனுப்பினாள். அது அவரிடம் போய்ச் சேரும்போது பாதி இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரவிலேயே குளிர்ந்த தெற்குக் காற்று வந்துவிட்டது. ஏழு மணிக்குச் சிரிலோ வெப்பமானியைப் பழைய ஆணியில் மாட்டினார். ஒன்பது மணிக்கு நான் சரித்திரப் புத்தகத்தை எடுத்து, பதினோரு வருடத்துக்கு முந்தைய நவம்பர்ப் பக்கத்தில் ஒரு வரியை அடித்து, ஓரத்தில் 29¼ என்று இரண்டு மொழியிலும் குறிப்பெழுதினேன். பத்து மணிக்கு இரண்டு பேரும் போய் நின்றோம். பதினேழே கால். என் கண்ணுக்கும் பதினேழே கால்தான். அவர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். ஜன்னல்களில் யாரும் இல்லை. வகுப்புகள் ஒரு மணி வரை நடந்தன. மதியம் மழை பெய்தது.